சாகேத்தியில் ராட்சத ஆமையின் ஓட்டுத் துண்டுகள்

இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில், மார்கண்டா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது சாகேத்தி. 1974-இல் இங்கே புதைபடிவப் பூங்கா அமைத்தார்கள். திறந்தவெளியில் நிற்கும் முழு உருவ ராட்சத ஆமைச் சிலையோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் போனது உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் ஓட்டுத் துண்டுகளுக்காக.

ஒரு துண்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன். உடைந்த பக்கத்தில் மேலும் கீழும் கெட்டியான அடுக்கு, நடுவில் துளைத்துளையான எலும்பு. ஓடு என்பதற்கு அது நல்ல அடையாளம். இன்னொரு விளிம்பு உடைந்ததே இல்லை. ரம்பம் போல் பல் பல்லாக இருந்தது. பக்கத்து எலும்போடு கோத்திருந்த இணைப்பு அது. மேற்பரப்பில் ஒரு மெல்லிய பள்ளமும் ஓடியது. விரிசல் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உயிரோடிருந்தபோது எலும்பின்மேல் போர்த்தியிருந்த இரண்டு செதில்கள் சந்தித்த கோடு அது. செதிலின் எல்லையும் எலும்பின் எல்லையும் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஓட்டின் உறுதிக்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பள்ளம் இல்லாமல், மேற்பரப்பெல்லாம் குழிகுழியாக இருந்தால் அது நீரில் வாழும் மென் ஓட்டு ஆமை. இமயமலையின் அடிவாரக் குன்றுகளான சிவாலிக்கில் அதுவும் கிடைக்கிறது.

சரி, விலங்கு எவ்வளவு பெரிது? தடிமனை வைத்துச் சொல்லிவிட ஆசை வரும். நம்பக் கூடாது. ஒரே ஓட்டில் விளிம்பு தடித்திருக்கும், விலாப்பக்கம் மெலிந்திருக்கும். அது எந்த எலும்பு என்பதுதான் முதல் கேள்வி. முதுகின் நடு வரிசையில் பொதுவாக எட்டு எலும்புகள் உண்டு. தரையாமைகளில் அவை பெரும்பாலும் நாலு பக்கம், எட்டு பக்கம் என்று மாறி மாறி வரும். அதில் ஒன்று முழுசாகக் கிடைத்தால் போதும். நெருங்கிய இனத்தின் ஒரு மீட்டர் ஓட்டில் அதே எலும்பு 10 செ.மீ., நம்முடையது 18 செ.மீ. என்றால், ஓடு ஏறக்குறைய 1.8 மீட்டர். வளைவின்மேல் நாடா வைத்து அளந்தார்களா, நேர்கோட்டில் அளந்தார்களா என்றும் பார்க்க வேண்டும். எடையில் இன்னும் கவனம் தேவை: நீளத்தை 10 சதவீதம் கூட்டிச் சொன்னால் எடை 33 சதவீதம் ஏறிவிடும்.

புதைபடிவங்களை ஆராய்ந்த ஹ்யூ ஃபால்கனரும் ப்ரோபி காட்லியும் 1844-இல், சிவாலிக்கில் கிடைத்த துண்டுகளை வைத்து இந்த ஆமையின் ஓட்டுக்கு 12 அடிக்கு மேல் நீளம் கணித்தார்கள். பிற்பாடு 1920-களில் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் பார்னம் பிரவுன் சிவாலிக்கிலிருந்து எடுத்துப்போன ஓடு நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நீளம் இரண்டு மீட்டரை ஒட்டித்தான். முழு ஓட்டைப் பார்க்காமலே இப்படி ஒரு ஆமை இருந்தது என்று கண்டுகொண்ட ஃபால்கனர், காட்லி இருவர்மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அளவு குறைந்ததால் விலங்கு சிறுத்துவிடவில்லை. இன்றைய எந்தத் தரையாமையும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

அங்கே போகிறவர்களுக்கு ஒன்று. ஓடையில் துண்டு கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால், அதன் வயதைச் சொல்வது மிகவும் கஷ்டம்.