மியூசியத்துக்கு இரண்டு தெரு தள்ளி

பிரிட்டிஷ் மியூசியத்தின் பெரிய வாசலை விட்டு வெளியே வந்தால் எதிர்ச்சாரியிலேயே ஒரு பப் இருக்கிறது. மியூசியம் டேவர்ன் என்று பெயர். உள்ளே இருக்கும் செதுக்கு மரமும் கண்ணாடியும் விக்டோரியா காலத்தவை. மியூசியத்தின் வாசகர் கூடத்தில் வருடக்கணக்காகப் படித்து எழுதிய கார்ல் மார்க்ஸ் இங்கே வந்து போனதாகச் சொல்வார்கள். ஆனாலும் ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் "ஒரு அசல் இங்கிலீஷ் பப் காட்டு" என்று கேட்டால் நான் அவர்களை அங்கே கூட்டிப் போவதில்லை. கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை மதியம் போனால் அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல மியூசியம் பார்த்துக் களைத்து வந்தவர்கள், அவ்வளவுதான். பப் என்பது பாதி கட்டடம், பாதி அங்கே வழக்கமாக வந்து உட்காரும் மனிதர்கள். அந்த மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் நடக்க வேண்டும்.

எனக்கு இதெல்லாம் பழகியதே வேலையினால்தான். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்த பிறகு எங்கள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் ஒரு கடையும் பாரும் வந்தன. அந்தப் பக்கம் நடக்கவே பெண்கள் தயங்குவோம். எங்கள் தெருவில் கூலிப் பணம் வீடு வந்து சேராத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாசலை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வரும். அப்படி வளர்ந்தவளுக்கு, லண்டனில் மியூசியத்துக்குப் பக்கத்து ஹோபர்னில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளிக்கிழமை மாலை "எல்லாரும் பப் போறோம், வர்றியா?" என்று கேட்டபோது அடிவயிறு கலங்கியதில் ஆச்சரியம் இல்லை.

போனேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார், முன்னால் அரை பைன்ட் பீர். பக்கத்து மேசைக்கு அடியில் ஒரு நாய் படுத்திருந்தது, அதற்கென்று தரையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். எங்கள் மேலாளர் காபி குடித்தார். நான் லைம் அண்ட் சோடா வாங்கினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் பேசப்பட்டதில் பாதி அலுவலகத்தில் எனக்குக் காதில் விழவே வாய்ப்பில்லாதது: எந்தக் குழுவில் ஆள் எடுக்கப் போகிறார்கள், யார் வேறு ஊர் போகிறார், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம். குடிப்பதில்லை என்பதற்காக நம் பிள்ளைகள், அதிலும் நம் பெண்கள், இந்த மேசைக்கு வராமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. குடிக்க வேண்டியதில்லை, வந்து உட்கார்ந்தால் போதும்.

உட்கார்ந்த இடத்துக்கு யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள் என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பழைய பாணி பப்பில் நாமே பார் மேசைக்குப் போய்ச் சொல்லி, காசு கொடுத்து, கிளாஸை எடுத்து வர வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வரிசை உண்டு. யார் முதலில் வந்தார் என்பது பாருக்குப் பின்னால் நிற்பவருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். நோட்டை ஆட்டுவதோ குரல் கொடுப்பதோ அறவே கூடாது. நிமிர்ந்து பார்த்தபடி நின்றால் முறை வரும். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்டால், "அவர்தான் முதலில்" என்று கைகாட்டுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே இருக்கும் மதிப்பு பெரிது. கூட்டமாகப் போனால் ஒருவர் மாற்றி ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார்கள். அதற்கு ரவுண்ட் என்று பெயர். நாம் ஜூஸ்தான் குடித்தாலும் நம் முறை வரும்போது எழுந்து போய் எல்லாருக்கும் வாங்க வேண்டும். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் மது உரிமம் பெற்ற இடங்களில் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

இனி அந்த நடை. மியூசியத்திலிருந்து கிழக்கே, சவுத்தாம்ப்டன் ரோவைத் தாண்டி, குவீன் ஸ்கொயர் வழியாகப் போனால் லாம்ப்ஸ் காண்டுயிட் ஸ்ட்ரீட் வரும். மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள்தான். குவீன் ஸ்கொயர் மூலையில் குவீன்ஸ் லார்டர் என்று ஒரு சின்ன பப் இருக்கிறது. மனநலம் குன்றிய மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இந்தச் சதுக்கத்தில் சிகிச்சையில் இருந்தபோது, அரசி சார்லட் அவருக்குப் பிடித்த தின்பண்டங்களை இதன் நிலவறையில் வாங்கி வைத்திருந்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை.

லாம்ப்ஸ் காண்டுயிட் ஸ்ட்ரீட்டுக்கு அந்தப் பெயர் வந்தது வில்லியம் லாம்ப் என்பவரால். 1577இல் இந்தப் பகுதிக்குத் தண்ணீர்க் கால்வாய் அமைக்கப் பணம் கொடுத்தவர் அவர். தெருவில் இருக்கும் த லாம்ப் என்ற பப்தான் நான் ஆட்களைக் கூட்டிப் போகும் இடம். முகப்பில் பச்சை ஓடு பதித்திருக்கும். நடுவில் பார், அதைச் சுற்றி முக உயரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள், ஒவ்வொன்றும் சுழலும். பூவேலை செய்த அந்தக் கண்ணாடிகளுக்கு ஸ்நாப் ஸ்க்ரீன் என்று பெயர். விக்டோரியா காலத்தில் வசதியானவர்கள் தாங்கள் குடிப்பதைப் பரிமாறுபவர் பார்த்துவிடக் கூடாது என்று இதைச் சாத்திவைத்துக்கொள்வார்களாம். இன்று பெரும்பாலான பப்களில் இவை போய்விட்டன, இங்கே மிஞ்சியிருக்கின்றன. நான் அதை விரலால் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர் பாரின் தென்னங்கீற்று மறைப்பு நினைவுக்கு வரும். மறைத்துக்கொண்டு குடிப்பது இவர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது.

பின்னால் இரண்டு தெரு தாண்டினால் டவுட்டி ஸ்ட்ரீட், சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை குடியிருந்த வீடு, இப்போது அது அவர் பெயரில் மியூசியம். கைவேலைப்பாடு பார்க்க ஆசைப்படுபவர்கள் தெற்கே ஹை ஹோபர்னுக்கு வந்து பிரின்சஸ் லூயிஸையும் பாருங்கள். ஓடுகளும் செதுக்குக் கண்ணாடியும் மரத் தடுப்புகளால் பிரித்த குட்டி அறைகளுமாக 1891இல் செய்த உள்வேலை. அரசு பாதுகாக்கும் கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது.

லண்டனில் வேறு எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் நான் செய்வது இதுதான். பெரிய வாசலிலிருந்து இரண்டு தெரு விலகி நடப்பேன். உணவின் வண்ணப் படங்களை வாசலில் மாட்டி, ஆளை நிறுத்தி உள்ளே அழைக்கும் இடத்தைத் தாண்டிப் போவேன். உள்ளே பார் மேசையில் உயரமான மரப்பிடி வைத்த பம்புகள் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். அவை நிலவறைப் பீப்பாயிலிருந்து ஏல் இழுப்பவை. பீப்பாய்க்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் பீர் அது, வாயு சேர்க்காதது. பதினொன்று, பன்னிரண்டு டிகிரிக் குளிர்ச்சியில் தருவார்கள். அதனால்தான் நம்மவர்கள் சூடான பீர் என்று முகம் சுளிப்பது. பீப்பாயைத் திறந்துவிட்டால் சில நாளில் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். வழக்கமாக வருபவர்கள் இருக்கும் இடத்தில்தான் அது கட்டுப்படியாகும். ஆகவே குடிக்காத எனக்கும் அந்த மரப்பிடி நல்ல அடையாளம். வினாடி வினா நடக்கும் நாளை எழுதிய பலகை, நம் டீக்கடை பெஞ்சு போல ஒரே பத்திரிகையைப் பிரித்துப் பிரித்துப் படிக்கும் பெரியவர்கள், இவையும் இருந்தால் தயங்காமல் உள்ளே போவேன்.

அப்பா அம்மா வந்திருந்தபோது, மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்களையும் இலங்கையிலிருந்து எடுத்துவரப்பட்ட தாரா சிலையையும் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு மதியம் இந்தப் பக்கம்தான் கூட்டி வந்தேன். அப்பா வாழ்நாளில் குடியைத் தொடாதவர். பப் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா, இங்கயா சாப்பிடணும்?" என்றார். "உள்ள வந்து பாருங்கப்பா, பிடிக்கலைன்னா கிளம்பிடலாம்" என்றேன். உள்ளே ஒரு குடும்பம் மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்கார்ந்து ரோஸ்ட், அதாவது அடுப்பில் வாட்டிய இறைச்சியோடு வரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தது, குழந்தை உயர நாற்காலியில். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இறைச்சிக்குப் பதில் பருப்புக் கொட்டைகளில் செய்த நட் ரோஸ்ட் வந்தது, உருளைக்கிழங்கும், மாவில் உப்பலாகச் சுட்ட இனிப்பில்லாத யார்க்ஷயர் புட்டிங்கும், குழம்பு மாதிரி கிரேவியும். காரம் இல்லை என்று அம்மா சொன்னார், ஆனால் தட்டைக் காலி செய்தார். அப்பா பக்கத்து மேசைப் பெரியவரோடு கிரிக்கெட் பேச ஆரம்பித்து, அரைகுறை ஆங்கிலத்திலேயே அரை மணி நேரம் ஓட்டினார்.

இந்தக் கதவு எல்லாருக்கும் எப்போதும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1960களில் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெதிக்கில் சில பப்களின் நல்ல அறைகளில் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடம் தர மறுத்தார்கள். அங்கிருந்த இந்தியத் தொழிலாளர் சங்கம் எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே வந்து பார்த்தார். பப், ஓட்டல் போன்ற பொது இடங்களில் இனம் பார்த்து ஒதுக்குவதை அதே ஆண்டு வந்த சட்டம் தடை செய்தது. இன்று அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகள் நடத்தும் பப்களில் தந்தூரி மிக்ஸ்டு கிரில்லுக்கு எல்லா நிறத்தவரும் வருகிறார்கள். பாருக்கு முன்னால் என் முறைக்காக நிற்கும்போது, அந்த இடத்தை எனக்கு வாங்கித் தந்தவர்கள் அன்று போராடிய அந்தத் தொழிலாளர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல்முறை போகிறவர்கள் வெள்ளி இரவைத் தவிர்த்துவிடுங்கள், கூச்சலும் குடியும் அன்றைக்குத்தான் அதிகம். வார நாளில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் போங்கள். மேசை கிடைக்கும், பார் மேசையில் நிற்பவருக்கும் பேச நேரம் இருக்கும். ஞாயிறு ரோஸ்ட் என்றால் முன்கூட்டியே இடம் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.