புக்கிட் பாத்தோக் பாறையைக் கோரில் படிப்பது

சிங்கப்பூரில் கிரெட்டேசியஸ் காலப் (சுமார் 14.5 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) படிவுப்பாறையை வரைபடமாக்க மலைச்சரிவை நம்ப முடியாது. வெயிலும் மழையும் மேற்பகுதியை மண்ணாக்கிவிட்டன. அக்காலத்தைச் சேர்ந்த புக்கிட் பாத்தோக் பாறைக்கும் துளையிட்டு எடுத்த கோர்தான் (உருளை வடிவப் பாறைத்துண்டு) கதி.

முதலில் கோரை நனையுங்கள். காய்ந்திருந்தால் அடுக்கு சரியாகத் தெரியாது. 10 மடங்கு லென்ஸில் மணல்மணியின் அளவு (0.063 முதல் 2 மி.மீ.), உருண்டையா முனையுள்ளதா, அடுக்கின் எல்லை சட்டென்று மாறுகிறதா என்று குறியுங்கள். நிறத்தை மட்டும் வைத்துப் பெயரிட்டால் போச்சு! சிவப்பு பிற்காலச் சிதைவிலும் வரும்.

செங்குத்துத் துளையில் அடுக்குச் சாய்வின் அளவைக் கோரே சொல்லும். திசையைச் சொல்லாது, எடுக்கும்போதே சுழன்றுவிடும். அதற்குத் துளைச்சுவரைப் படம்பிடிக்கும் கருவி வேண்டும். இல்லையேல் ஒரே அடுக்கைத் தொட்ட, நேர்க்கோட்டில் அமையாத 3 துளைகள்.

மணற்கல்லில் கிடக்கும் ஸிர்கான் (வயது கணிக்க உதவும் தாது) மணியின் வயதை அடுக்கின் வயதாக எழுதிவிடுவோரும் உண்டு. அந்த மணியைவிட அடுக்கு மூத்ததாக இருக்க முடியாது, அவ்வளவே.