சோம்பேறிக்கு ஒரு வயல் இருந்தது

பைபிளின் நீதிமொழிகள் புத்தகத்தில் வரும் சோம்பேறியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். வீதியில் சிங்கம் நிற்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவான். 26-ஆம் அதிகாரத்தில் இன்னும் மோசம், கலத்தில் வைத்த கையை வாய் வரைக்கும் தூக்கவே அவனுக்குச் சலிப்பு. சாலொமோன் ராஜா சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார். நம் ஆயர்கள்தான் அதை முகத்தை இறுக்கிக்கொண்டு வாசிக்கிறார்கள்.

குடியாத்தத்தில் எங்கள் சபையில் "சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்" அதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்கிற பிரசங்கம் அடிக்கடி வரும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் பீடி சுற்றும் பெண்கள். என் அம்மாவும் சுற்றியவர்தான். ராத்திரியே இலையை நனைத்து வைக்க வேண்டும். காலையில் தகடு வைத்து வெட்டி, மடியில் முறத்தோடு உட்கார்ந்தால் 1000 முடிகிறவரை முதுகு நிமிராது. 25 பீடி ஒரு கட்டு, ஆக 40 கட்டு. நடுவில் சமையல், குழாயடி, பிள்ளைகள். இவர்களைப் பார்த்து எறும்பைக் காட்டினால் என்ன அர்த்தம்?

நீதிமொழிகள் 24-ஆம் அதிகாரத்தை ஒருநாள் நிதானமாகப் படித்தேன். அந்தச் சோம்பேறிக்கு வயல் இருக்கிறது. திராட்சத்தோட்டம் இருக்கிறது, சுற்றிக் கற்சுவர் வேறு. அது இடிந்து கிடக்கிறது, முள் மண்டியிருக்கிறது, சரி. ஆனால் சொத்து அவனுடையது. இயேசு சொன்ன உவமையில் "சோம்பனுமான ஊழியக்காரனே" என்று திட்டு வாங்குகிறவனும் கையில் ஒரு தாலந்து வைத்திருந்தவன். ஒரு தாலந்து என்பது கூலியாள் ஒருவன் ஏறக்குறைய 20 வருஷம் சம்பாதிக்கும் பணம்.

கூலிக்காரர்களைப் பார்த்துச் சோம்பேறி என்று சொன்ன ஆளும் வேதத்தில் இருக்கிறான். யாத்திராகமம் 5-ஆம் அதிகாரம், இஸ்ரவேலரை அடிமைகளாக வைத்திருந்த எகிப்து ராஜா பார்வோன். செங்கல் அறுக்க வைக்கோல் தர மாட்டேன், நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கு ஒன்றும் குறையக் கூடாது என்கிறான். முடியவில்லை என்று போய் நின்றால், "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள்" என்று இரண்டு தடவை சொல்கிறான். இதை வாசித்ததும் அம்மாவுக்கு இலை கொடுத்த ஏஜென்ட்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஓட்டை இலையாகக் கொடுப்பார், அளவும் குறையும். பீடி மட்டும் எண்ணி 1000 வேண்டும். குறைகிற இலையை அம்மா காசு கொடுத்து வாங்கிச் சுற்றுவார். அதிலும் ஏஜென்ட் நாலு கட்டைக் கழித்துப் போட்டுவிட்டு, "கவனமே இல்லம்மா உங்களுக்கு" என்பார்.

நான் இப்போது ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். மணிக்கு எத்தனை ஜோடி என்று போர்டில் எழுதுவது என் வேலை. யாத்திராகமத்தின் அதே அதிகாரத்தில், கணக்கு குறைந்ததற்காக முதலில் அடி வாங்குவது ஜனங்களுக்கு மேல் வைத்த தலைவர்கள்தான். அந்த வசனத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆதி சபைகளுக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலர் பவுலையும் இழுப்பார்கள். ரேஷன் அரிசி பற்றிப் பேச்சு வந்தால் போதும், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று யாராவது ஆரம்பித்துவிடுவார். அதற்கு இரண்டு வசனம் முன்னால், ஒருவருக்கும் பாரமாக இருக்கக் கூடாதென்று தானே இராப்பகலாக உழைத்ததைப் பவுல் சொல்கிறார். கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா என்பவர் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தவர் அவர். தோலில் தைத்திருப்பார் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அப்படியானால் எங்கள் லைனில் உட்கார வைத்திருக்கலாம். கைவேலை தெரிந்தவர் அதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஏசி ரூமில் இருந்து சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சோம்பேறிகளே இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் சொந்தத்திலேயே ஒருவன் இருக்கிறான். பெண்டாட்டி சுற்றுகிற பீடியில்தான் அவனுக்கு டீயும் பேப்பரும். எறும்புப் பிரசங்கம் கேட்க வேண்டிய ஆள் அவன். ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்திருப்பதற்குள் ஆராதனையே முடிந்துவிடும்.

போன மாதம் ஆயரிடம் கேட்டேன், "ஐயா, ஒரு வாரம் யாத்திராகமம் 5 எடுங்களேன்."

"எடுக்கலாம் தம்பி," என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "நம்ம கமிட்டியில யார் யார் இருக்காங்கன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார்.