பணம் வந்துவிட்டது, சாவி யாரிடம்?

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கபடித் தளம், வாலிபால் தளம், ராத்திரி ஆட விளக்கு எல்லாம் வந்த பிறகு, பக்கத்து ஊர்க்காரர்கள் "காசு எங்கேருந்துப்பா வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் எங்களை அதிகம் இழுத்தடித்தது காசு இல்லை.

தென்காசி மாவட்டத்தின் செம்மண்ணில் ஆடிப் பழகிய பிள்ளைகள் எங்களுடையவை. முதலமைச்சர் கோப்பை, மாவட்டப் போட்டி என்று வெளியே போனால் ரப்பர் மேட் விரித்திருப்பார்கள். வெறுங்காலை மண்ணில் ஊன்றி ஆளைப் பிடிக்கிற பெண், ஷூ மாட்டிக்கொண்டு மேட் மேல் முதல் பத்து நிமிடம் தடுமாறுவாள். அதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும்.

எம்.எல்.ஏ. நிதிக்குத்தான் முதலில் மனு கொடுத்தோம். தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. குடிதண்ணீரும் ரோடும் வரிசையில் முன்னால் நின்றன. நியாயம்தான். பிறகு ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) ஆட்களைப் பார்த்தோம். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிற சட்டத்தில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. ஆனால் பணத்தை வாங்கிச் செலவழிக்கும் அமைப்பு அதற்கென்று மத்திய அரசிடம் சிஎஸ்ஆர்-1 என்ற பதிவு பெற்றிருக்க வேண்டும். எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்திடம் ஒரு லெட்டர்பேடும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான் இருந்தன.

கடைசியில் கைகொடுத்தது மாநில அரசின் 'நமக்கு நாமே' திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். பாதிக்கு மேல் ஊரே கொடுத்தால் வேலையையும் ஊரே எடுத்துச் செய்யலாம்; அவ்வளவு வசதி எங்களுக்கு இல்லை. கோயில் கொடைக்குப் போடுவதுபோல் தலைக்கட்டு வரி போட்டோம். திருப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் கூடுதலாக அனுப்பினார்கள். நாங்கள் வைத்தது ஒரே நிபந்தனை: உபயதாரர் பெயர் எங்கும் எழுதக்கூடாது. டியூப்லைட்டிலேயே வெளிச்சம் வராத அளவுக்குப் பெயர் எழுதுகிற ஊர் இது. இதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் வரி பிரிப்பதைவிட அதிக நாள் ஆனது.

மேட் வாங்குவது கட்டுமான வேலை இல்லை, எஸ்டிமேட்டில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாகப் போனோம். பள்ளி தன் தேவையை அதன் இணையதளத்தில் பதிவு செய்ய, கொடுப்பவர் அந்தப் பள்ளிக்கென்றே கொடுக்கலாம். சிஎஸ்ஆர் பணமும் இந்த வழியில் வரும். முதலிலேயே இங்கே வந்திருக்கலாமே என்பார்கள். அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எஸ்டிமேட் வந்ததும் பி.டி. சார் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். வாலிபால் தளம் 18க்கு 9 மீட்டர் என்று மட்டும் போட்டிருந்தது. கோட்டுக்கு வெளியே சுற்றிலும் 3 மீட்டராவது இல்லாவிட்டால் பந்தைத் துரத்துகிறவன் சுவரில்தான் மோதுவான். 24க்கு 15 என்று மாற்றினால் தெற்கு ஓரம் வண்டிப்பாதையில் விழுந்தது. சர்வேயர் வந்து கல் ஊன்றி, தளத்தைத் திருப்பிப் போட்டு, மறுபடி கையெழுத்தெல்லாம் வாங்குவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கான்கிரீட் தை மாதத்துக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் சாவிப் பிரச்சினை. "ராத்திரி எவனாவது விழுந்து கையை ஒடிச்சா நான்ல பதில் சொல்லணும்? காலையில பாட்டில் பொறுக்கப் போறது யாரு?" என்றார் தலைமையாசிரியர். "எங்க காசு, எங்க கிரவுண்டு. பூட்டுறதுக்கா வரி கொடுத்தோம்?" என்றார்கள் இளவட்டங்கள். எந்தத் தெருப் பையன்கள் எந்த நேரம் ஆடுவது என்ற பேச்சும் மெல்லக் கிளம்பியது. அதை வளரவிட்டிருந்தால் தளம் கட்டியே பிரயோசனமில்லை.

முடித்துவைத்தது பள்ளி மேலாண்மைக் குழு. அதன் தலைவர் ஒரு மாணவியின் அம்மா, பீடி சுற்றுகிறவர். தெருவாரியாக நேரம் கிடையாது, வயதுவாரியாகத்தான் என்று தீர்மானம் போடவைத்தார். சாயங்காலம் முதல் ஒன்றரை மணி நேரம் பெண்பிள்ளைகளுக்கு, பிறகு மற்றவர்களுக்கு, எட்டரைக்கு விளக்கு அணைய வேண்டும். வகுப்பறைப் பக்கம் கம்பிவலை, தெருப் பக்கம் தனி கேட், சாவி ஒன்று பி.டி. சாரிடம், இன்னொன்று அந்த அம்மாவிடம். "கக்கூஸைப் பூட்டிட்டு பொம்பளப் பிள்ளைகளை ஆட வாங்கன்னா எப்படி சார் வரும்?" என்று அவர் கேட்ட பிறகுதான் கழிப்பறைக்கு மைதானப் பக்கம் ஒரு கதவு வைத்தோம். எஸ்டிமேட்டைப் புரட்டிப் பார்த்த அத்தனை ஆண்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

இப்போது எஸ்டிமேட் போடப் போகிறவர்களுக்கு: தனி கேட், கம்பிவலை, விளக்குக்குத் தனி மீட்டர் மூன்றையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். எங்கள் எஸ்டிமேட்டில் மீட்டர் இல்லை. பிறகு ஊராட்சி பெயரில் வாங்கினோம். கரண்ட் பில்லை இளவட்டங்கள் மாதாமாதம் பிரித்துக் கட்டுகிறார்கள். மேட்டைச் சுருட்டி வைக்க மட்டும் இடம் இல்லை. ஒன்பதாம் வகுப்பின் பின்பெஞ்சுக்குப் பின்னால் கிடக்கிறது. எலி கடிக்காமல் இருக்க ஒரு இரும்பு அலமாரி கேட்டு அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.