வாலிநோக்கத்தில் சில்வியா சுற்றிய இரவு

சிவராத்திரிக்கு மறுநாள். ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வண்டிகளால் மதுரை ரோடு நிரம்பி வழிந்தது. ராமநாதபுரத்தில் தெற்கே திரும்பி, கீழக்கரை, ஏர்வாடி தாண்டி வாலிநோக்கம் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. உப்பளப் பாத்திகளில் நின்ற தண்ணீரில் நட்சத்திரங்கள் தெரிந்தன. இந்த அமாவாசை இருட்டுக்காகத்தான் நாள் குறித்து வைத்திருந்தேன்.

பார்க்க வந்தது சில்வியா என்ற சிறுகோளை. 1866 மே 16 அன்று நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டுபிடித்தது. ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒன்றாகும் என்று நட்சத்திரப் பிரகாசத்துக்கு இன்றும் நாம் போடும் கணக்கும் 1856-ல் அவர் வகுத்ததே. அவர் கண்ட பொருளை அவர் அளவுகோலாலேயே நம் கடற்கரையில் நின்று அளக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

பெரிய சிறுகோள்தான்; குறுக்களவு 270 கி.மீ. அளவுக்கு வரும். ஆனாலும் என் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் வெறும் புள்ளி. மக நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி அதைப் பிடித்து, நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க கேமராவை விட்டேன். ஒவ்வொரு படத்திலும் அதன் ஒளியைப் பக்கத்திலுள்ள மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட வேண்டும். வேலை அவ்வளவுதான், பொறுமைதான் வேண்டும்.

11.10-க்கு உச்சத்தில் இருந்த ஒளி மெல்ல இறங்க ஆரம்பித்தது. 12.30-க்கு ஏறக்குறைய கால் பங்கு காணவில்லை. கடல் காற்றில் கண்ணாடி பூத்துவிட்டதோ என்று பதறி ஒப்பீட்டு நட்சத்திரங்களைப் பார்த்தேன். அவை அப்படியே இருந்தன. சில்வியா மட்டும்தான் மங்கியிருந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மலைத்தேசம் திரும்புவதை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது.

வலையோடு வந்த ஒரு பெரியவர், ஒளியின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டிய கோட்டைப் பார்த்து நின்றார். “ஏன் தம்பி, எறங்கி மறுபடி ஏறுது?” 1.45-க்கு இரண்டாவது உச்சம் வந்திருந்த நேரம் அது.

“அது உருண்டை இல்லண்ணே, நீளவாக்குல இருக்கு.”

கொஞ்சம் யோசித்தார். “நங்கூரத்துல நிக்கிற வல்லம் மாதிரியா? நீரோட்டத்துல சுத்தும்போது முழுப் பக்கமும் தெரியும், அப்புறம் அணியம், அதான் முன்மூக்கு, மட்டும் தெரியும், திரும்ப அந்தப் பக்கம் தெரியும். அப்ப ஒரு சுத்துக்கு ரெண்டு ஏத்தமில்ல வரணும்?”

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. ஏரோஸ் என்ற சிறுகோள் இப்படி மினுங்கிக் குறைவதை 1901-ல் கவனித்தார்கள். அது 5.27 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அது நீளமானது என்பதற்கும் இந்த ஒளிமாற்றமே சாட்சி. எவ்வளவு வேகமாகவும் சுற்றலாம் என்றில்லை. சில நூறு மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் 2.2 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிப்பவை அரிது. பல சிறுகோள்கள் ஈர்ப்பால் மட்டும் சேர்ந்து நிற்கும் கற்குவியல்கள். அதைவிட வேகமாகச் சுற்றினால் சிதறிப் போகும்.

இரண்டு மணிக்கு ஒளி மறுபடி விழுந்தது. இந்த முறை நட்சத்திரங்களும் சேர்ந்தே மங்கின. முன் கண்ணாடி முழுக்கப் பனி. சூடேற்றும் பட்டையின் வயர் கழன்று கிடந்தது. கிளம்பும் அவசரத்தில் நான் சரியாகச் செருகவில்லை. துடைக்காமல் மெதுவாகச் சூடேற்றிக் காய வைப்பதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது.

4.20-க்கு மூன்றாவது உச்சம். முதல் உச்சத்திலிருந்து 5 மணி 10 நிமிடம். பெரிய ஆய்வகங்கள் தரும் கணக்கு 5 மணி 11 நிமிடம். பக்கத்தில் ஆள் இல்லாததால் கடலைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

கோட்டில் மட்டும் இரண்டிலிருந்து 2.40 வரை ஓர் ஓட்டை. நான்கு சுற்றைக் கூட்டிப் பார்த்தேன்: விட்டுப்போன அதே முகம் அன்று இரவு 10.45 வாக்கில் மறுபடி நம் பக்கம் வரும். என்னோடு வந்திருந்த நண்பரை எழுப்பி, இன்னொரு ராத்திரி தங்குகிறோம் என்றேன். அந்த வயரைத் திரும்பவும் செருகி, கழலாதபடி டேப் சுற்றினேன்.