விசாகப்பட்டினம் – அரக்கு: கல்லூரிச் சுற்றுலா நாட்குறிப்பு

அக்டோபர் 13, 2025, திங்கள்

டிசம்பர் 12 வண்டிக்கு இன்று காலைதான் முன்பதிவு திறந்தது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. மாணவர் சலுகை வேண்டுமென்றால் முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவத்தோடு கவுண்டருக்குத்தான் போகவேண்டும். கல்விச் சுற்றுலாவுக்கு ஸ்லீப்பர் அடிப்படைக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம்.

ஒரு படிவத்தில் ஆறு பேர்தான். 42 மாணவர்கள் என்றால் ஏழு டிக்கெட். அந்த அறுவர் கூட்டத்தையே பயணம் முழுக்க வைத்துக்கொள்வது நல்லது: அறை, சாப்பாட்டு மேசை, தலை எண்ணுவது எல்லாம் அதே கணக்கில் ஓடும். 42 தலைகளை எண்ணினால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும், ஏழு தலைவர்களிடம் "உன் ஆறு பேரும் இருக்காங்களா?" என்று கேட்டால் தப்பாது.

இறங்கும் ஊரைச் சரிபார்க்க வேண்டும். ஹௌரா பக்கம் போகும் சில வண்டிகள் விசாகப்பட்டினத்துக்குள் நுழையாமல் நகருக்கு வெளியே உள்ள துவ்வாடா வழியாகவே போய்விடும். திரும்பும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விசாகப்பட்டினத்துக்கு வருவது அதிகாலையில். 16 இரவு ஸ்டேஷனில் காத்திருந்து ஏறினாலும் டிக்கெட்டில் ஏறும் தேதி 17 என்று இருக்கவேண்டும். இங்கே ஏமாந்தால் மொத்தக் கூட்டமும் பிளாட்பாரத்தில்தான்.

டிசம்பர் 12, வெள்ளி

சென்ட்ரலில் காலை ஏழு மணி கோரமண்டல்; இரவு எட்டு வாக்கில் விசாகப்பட்டினம். அங்கே எஞ்சின் திசை மாறுவதால் வண்டி நன்றாகவே நிற்கும், இறங்குவதற்கு அடித்துப்பிடிக்க வேண்டாம்.

டிசம்பர் 13, சனி

கடல் முதலில், மலை பிறகு என்று வைத்ததற்குக் காரணம் திங்கட்கிழமை. ஆர்.கே. பீச்சில் உள்ள குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. மலையில் உள்ள அரக்குக்கோ சனி ஞாயிறு போனால் ரயிலிலும் மலைப்பாதையிலும் நெரிசல். இரண்டுக்கும் ஒரே தீர்வு இந்த வரிசைதான்.

குர்சுரா சோவியத் தயாரிப்பு. 1969 முதல் 2001 வரை கடற்படையில் இருந்து, 2002-இல் கரையேறி அருங்காட்சியகமானது. நீளம் சுமார் 91 மீட்டர். சனிக்கிழமை திறப்பது பிற்பகல் இரண்டு மணிக்குத்தான், காலையில் போய் நிற்க வேண்டாம். உள்ளே அறைக்கு அறை வட்டமான இரும்புத் துளைதான் வாசல்: முதலில் ஒரு கால், பிறகு குனிந்த தலை, கடைசியில் அடுத்த கால். முதுகில் பை இருந்தால் சிக்கும். பையை வெளியே ஒருவரிடம் விட்டுவிடலாம். இரண்டு அறுவர் கூட்டங்களாக விட்டால் வழிகாட்டி சொல்வது காதில் விழும். எதிர்ப்பக்கம் டியூ-142 கடற்படைக் கண்காணிப்பு விமானம். அரை மணி போதும். சனி மாலை கைலாசகிரி ரோப்கார் வரிசையில் நிற்பதைவிட பீச்சில் முந்த மசாலா என்ற பொரிக்கலவை வாங்கித் தின்னலாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

ருஷிகொண்டா. தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்ற கடற்கரை. குளிப்பதென்றால் உயிர்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள் மட்டும், காலை வேளையில், முழங்கால் ஆழம் வரை.

இந்தக் கரையில் ஆளை இழுப்பது பெரிய அலையல்ல, அலைகளுக்கு நடுவே நுரையில்லாமல் அமைதியாகத் தெரியும் பட்டை. அலை கரைக்குத் தள்ளிய தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. நீச்சல் தெரியாதவன் "இங்கே அலையே இல்லை" என்று அங்கேதான் இறங்குவான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும். நண்பர்கள் கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதுதான் ஒரு சாவை நாலாக்குவது. கயிறோ, காலித் தண்ணீர் கேனோ வீசவேண்டும். ஜீன்ஸோடு இறங்க விடவே கூடாது. நனைந்தால் கால் தூக்க முடியாது.

மாலையில் தொட்லகொண்டா பௌத்த விகாரம். நிழல் கிடையாது, நாலு மணிக்கு மேல் போதும்.

டிசம்பர் 15, திங்கள்

அரக்கு வழியாகப் போகும் கிரந்துல் பாசஞ்சர் ஏழு மணிக்குள் கிளம்பிவிடும். ஆறு மணிக்கு ஸ்டேஷன். சத்தீஸ்கரில் உள்ள பைலாடிலா மலை இரும்புத்தாதுவை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்ய 1960-களில் போட்ட பாதை இது. சுற்றுலா பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஐம்பதுக்கு மேல் சுரங்கப்பாதைகள். சுரங்கப்பாதைக்குள் படியில் நிற்பவர்களை உள்ளே இழுத்துவிட ஒவ்வொரு கதவிலும் ஒருவர் வேண்டும். அரக்குக்கு முந்தைய நிலையம் சிமிலிகுடா, 996 மீட்டர் உயரம்.

வேன்கள் காலியாகச் சாலை வழியே கிளம்பி அரக்கு ஸ்டேஷனில் காத்திருக்கும். 12 மீட்டர் பஸ்ஸைவிட 26 இருக்கை வேன் இரண்டு எடுப்பது மேல், கொண்டை ஊசி வளைவில் திணறாது. உள்ளூர் வண்டி என்பதால் மாநில பெர்மிட் தொல்லையும் இல்லை.

மூங்கில் கோழிக்கு மதியமே சொல்லிவிட வேண்டும். மசாலா தடவிய துண்டுகளைப் பச்சை மூங்கில் குழாயில் அடைத்து, வாயை இலையால் மூடி, தணலில் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள், எண்ணெய் கிடையாது. முக்கால் மணி வரை ஆகும். கூட்டத்தைப் பார்த்து அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் குழாய் கருகும், நடுவில் உள்ள துண்டு வேகாது. எலும்பு ஓரம் சிவந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரவு பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். கம்பளி எத்தனை என்று விடுதியில் முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

வாந்தி மாத்திரை வேனில் ஏறியபின் போட்டுப் பயனில்லை. அரை மணியாவது முன்னால். காலிகொண்டா பக்கம் சில்வர் ஓக் நிழலில் காபித் தோட்டம், மரத்தில் மிளகுக்கொடி. டிசம்பரில் பழம் சிவந்து பறிப்பு நடக்கும். சாலையோரத்தில் காபித்தூள் வாங்குகிறவர்கள் சிக்கரி கலந்ததா என்று உறையில் பார்த்துக்கொள்ளட்டும்.

பொர்ரா குகைக்குப் பத்து மணிக்குள் சேர்ந்தால் கூட்டத்துக்கு முன் உள்ளே போகலாம். சுண்ணாம்புக் குகை, கூரையிலிருந்து சொட்டுவதால் படிகள் ஈரம், செருப்பு வழுக்கும், ஷூதான் சரி. கரண்ட் போனால் கும்மிருட்டு. கூட்டத்துக்கு ஒரு டார்ச். சுண்ணாம்புத் தூண்களைத் தொடக்கூடாது, கை எண்ணெய் பட்ட இடத்தில் படிவு ஒட்டாது. வெளியே குரங்குகள், தின்பண்டம் வேனுக்குள்ளேயே.

இங்கிருந்து விசாகப்பட்டினம் 90 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மாலைக்குள் இறங்கி, சாப்பிட்டு, ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் இரண்டு பேர் மாற்றி மாற்றி விழித்திருந்தால் அதிகாலை வண்டி தவறாது. சென்னை சேர மாலையாகும். வெளியூர்க்காரர்கள் அன்றிரவு பஸ்ஸுக்கு இன்றே டிக்கெட் போட்டுவிடலாம்.