மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அமெரிக்க ஓவியர் மார்ட்டின் ஜான்சன் ஹீட் 1859இல் வரைந்த புயல் ஓவியம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் தார் ஊற்றியதுபோல் கறுத்துக் கிடக்கிறது. கரையில் ஒருவர் நாயோடு உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் துடுப்பு வலித்துக்கொண்டிருக்கிறார். யாருக்கும் அவசரம் இல்லை. மேகம் அவ்வளவு இருண்டும் தரையில் மட்டும் வெயில் பளீரென்று அடிக்கிறது. மழை கொட்டத் தொடங்கிவிட்டால் ஹீட் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார் என்றே நினைக்கிறேன். அவருக்கு வேண்டியது அதற்கு முந்தைய அந்த ஐந்து நிமிடம்தான்.

1819இல் பென்சில்வேனியாவின் லம்பர்வில்லில் பிறந்தவர். ஓரிடத்தில் தரிக்காத மனுஷன். நண்பர் ஃபிரெடரிக் சர்ச் நயாகராவையும் ஆண்டீஸ் மலைகளையும் பிரம்மாண்டமாக வரைந்து பேர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், இவர் போய் நின்றது மாசசூசெட்ஸ் நியூபரிபோர்ட் பக்கத்து உப்புச் சதுப்பில். மலையும் கிடையாது, அருவியும் கிடையாது. சதுப்பில் விளையும் புல்லை அறுத்து, கடல்நீர் ஏறும்போது நனையாமலிருக்க வரிசையாகக் கழிகள் அடித்து, அதன்மேல் போராகக் குவித்திருப்பார்கள். அந்தப் போர்களையும் நடுவே வளைந்தோடும் ஓடையையும் வைத்தே நூறு படத்துக்கு மேல் வரைந்தார். கித்தான் பெரும்பாலும் உயரத்தைப்போல இரண்டு மடங்கு அகலம். ஒன்றில் மூடுபனி, ஒன்றில் அந்திச் சிவப்பு, ஒன்றில் பாதிச் சதுப்பின்மேல் மட்டும் மேக நிழல். போர் அதேதான், வெளிச்சம்தான் வேறு. பிரெஞ்சு ஓவியர் மோனே தன் வைக்கோல்போர் ஓவிய வரிசையைத் தொடங்குவதற்கு இருபது வருடத்துக்கும் மேலாக முந்தியே நடந்த சங்கதி இது!

1863இல் பிரேசிலுக்குப் போய் தேன்சிட்டு மாதிரிச் சின்னஞ்சிறு ஹம்மிங் பறவைகளை வரைந்தார். அறுபது தாண்டியபின் கல்யாணம் செய்துகொண்டு ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் குடியேறினார். 1904இல் இறந்தபோது கலை உலகம் அவரை ஏறக்குறைய மறந்தேவிட்டது. நாராகன்செட் விரிகுடா இடிமழையை அவர் 1868இல் வரைந்த படம் 1943 வாக்கில் ஒரு பழம்பொருள் கடையிலிருந்துதான் வெளியே வந்தது. கறுத்த தண்ணீர், அதில் படகுகளின் வெள்ளைப் பாய்கள். பார்த்தவர்கள் ‘யாரப்பா இவர்’ என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இண்டியானாவில் ஒரு வீட்டுச் சுவரின் ஓட்டையை மறைக்க மாட்டியிருந்த அவருடைய மாக்னோலியா பூ ஓவியத்தை ஹூஸ்டன் அருங்காட்சியகம் 1999இல் 12.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. பூ அழகுதான். ஆனால் என்னைக் கேட்டால், புல்போர் படம் ஒன்றைத் தான் கேட்பேன்.